முடியாத உடல்: கொங்கு நாவல்களில் களைப்பும் நோவும்

தமிழ் நாவலைப் பற்றிய நம் திறனாய்வுகள் நிலம், சாதி, குடும்பம், வறுமை ஆகிய பொருள்களைப் பலமுறை எடுத்து ஆராய்ந்துள்ளன. உழைக்கும் உடல் நாள்தோறும் அடையும் களைப்பையும், மாதக்கணக்காக நீங்காது நிற்கும் நோவையும் தனிப்பொருளாகக் கொண்டவை மிகச் சிலவே. இதன் காரணத்தை அறிவது கடினமன்று. கொலை ஒரு நிகழ்ச்சி. பஞ்சம் ஒரு நிகழ்ச்சி. சாவும் ஒரு நிகழ்ச்சியே. இடுப்புவலி நிகழ்ச்சியாவதில்லை. அது நேற்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது, நாளைக் காலையில் கண்விழிக்கும்போதும் இருக்கும். தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்னும் கதைக்கட்டுக்குள் அது அடங்குவதில்லை. ஆகவே எழுத்தாளரும் திறனாய்வாளரும் அதனை எளிதில் கடந்து சென்றுவிடுகின்றனர். திருச்சபையின் ஆறுதல் மொழியும் இதே வழியில்தான் செல்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கொங்கு மண்ணிலிருந்து எழுந்த மூன்று நாவல்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942), பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ (1993), அவரே எழுதிய ‘கூளமாதாரி’ (2000) ஆகியவை அவை. இவற்றோடு கோவை வட்டாரத்து நூற்பாலைகளின் வரலாற்றையும், தமிழக ஆடைத் தொழிற்கூடங்களிலிருந்து அண்மையில் வெளிவந்த செய்திகளையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம். நம் கேள்வி ஒன்றே: ஒருவர் தம் களைப்பையும் வலியையும் சமாளித்து வாழவேண்டுமானால் எது அவர் கையில் இருக்கவேண்டும்? பொறுமை, மனவுறுதி, நல்ல மருந்து என்பன வழக்கமாகக் கிடைக்கும் விடைகள். இந்நாவல்களை ஊன்றிப் படிப்போருக்கு வேறொரு விடை கிடைக்கிறது என்பது நம் துணிபு.

சொல் வழக்கும் மருத்துவமும்

நம் நாட்டுப்புற வழக்கில் ‘மேல்’ என்பது உடலைக் குறிக்கும். உடல்நலம் குன்றியவர் ‘மேலுக்கு முடியவில்லை’ என்கிறார். முடிதல் என்னும் வினைக்கு இரண்டு பொருள் உண்டு. நிறைவுபெறுதல் ஒன்று, இயலுதல் மற்றொன்று. வேலை தீராதபோதும் ‘முடியவில்லை’ என்கிறோம். உடல் இயலாதபோதும் ‘முடியவில்லை’ என்கிறோம். உழைப்பவரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. ‘நோவு’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது உடலின் வலியையும் உள்ளத்தின் வருத்தத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. உடல் வேறு, உள்ளம் வேறு என்று பிரித்துப் பேசும் பழக்கம் நம் மக்களின் பேச்சில் வேரூன்றவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்று.

மருத்துவ உலகம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று வகுத்துள்ளது. 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு, இத்தகைய வலிக்குத் தனி இடம் அளித்துள்ளது. வலி தமக்கு உண்டு என்று ஒருவர் சொல்லும்போது அச்சொல் மதிக்கப்படவேண்டும் என்பதைச் சர்வதேச வலி ஆய்வுக் கழகம் 2020இல் தன் விளக்கத்தில் சேர்த்துக்கொண்டது. பார்ப்பதற்கு இது சிறு செய்தி போலத் தோன்றும். கதிர்ப்படத்தில் எதுவும் தெரியவில்லை என்னும் ஒரே காரணத்தால் ‘சோம்பேறி’ என்றும் ‘நடிக்கிறாள்’ என்றும் பெயர் வாங்கியவர்களைக் கேட்டால் அதன் பெருமை விளங்கும்.

நாட்பட்ட வலியுடையோர்க்கு மருத்துவர்கள் கூறும் அறிவுரைகளில் முதன்மையானது, வேலையையும் ஓய்வையும் முறைப்படுத்திக்கொள்ளுதல். உடல் சற்று நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலைகளையும் இழுத்துப்போட்டுச் செய்து, அடுத்த மூன்று நாள்கள் படுக்கையில் விழுவது தவறு. களைப்பு வருமுன்பே சிறிது ஓய்ந்து, மீண்டும் சிறிது செய்து, மெல்ல மெல்ல அளவைக் கூட்டவேண்டும். இது நல்ல அறிவுரை, பயனும் உண்டு. ஆயின் இதில் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. எப்போது எழுவது, எப்போது அமர்வது, எப்போது நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த ஆளிடம் இருக்கவேண்டும். நம் நாவல்கள் பேசுவது இந்த உரிமையைப் பற்றியே.

நாகம்மாள்: உழைப்பும் பங்கும்

‘நாகம்மாள்’ தமிழின் வட்டார நாவல்களுக்கு முன்னோடி என்று போற்றப்படுவது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு வாழ்கிறாள். தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். கெட்டியப்பனின் தூண்டுதல் சேர, கதை சின்னப்பனின் சாவில் முடிகிறது. காடும் தோட்டமும் மாடும் பாடும் நாவலின் பின்புலமாய் நிற்கின்றன. எனினும் உடலின் அலுப்பு கதையை நகர்த்தும் விசையாக அமையவில்லை. அங்கே விசை பங்குரிமை.

இதனை நாவலின் குறை என்று நாம் கூறமாட்டோம். குடியானவ வீட்டிலும் உழைப்பு கடுமையே. ஆனால் அது தம் நிலத்தில் தாம் செய்யும் உழைப்பு. இன்று அலுப்பாக இருந்தால் நாளை உழலாம் என்று எண்ணும் இடம் சிறிதேனும் உண்டு. நாகம்மாளுக்கோ அந்த இடம் இல்லை. நிலத்தில் அவள் உழைப்பும் இருக்கிறது, அவள் சொல்லுக்கு மதிப்பில்லை. அவள் கேட்கும் பங்கு வெறும் மண் அன்று. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையும் அதில் அடங்கியுள்ளது. ஆசிரியர் இதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் களைப்பு என்னும் கோணத்திலிருந்து படிக்கும்போது, பேராசைக்காரி என்று எளிதில் ஒதுக்கப்படும் அப்பெண்ணின் பிடிவாதம் வேறு பொருள் பெறுகிறது.

நிழல்முற்றம்: வலி அறியாமை

‘நிழல்முற்றம்’ ஒரு சிறு நகரத்துத் திரையரங்கைக் களமாகக் கொண்டது. இடைவேளைகளில் சோடா விற்கும் சிறுவர்கள் அதன் மாந்தர். காட்சிக்கும் காட்சிக்கும் இடையே அவர்கள் நாள் துண்டுபட்டுக் கிடக்கிறது. ஊர் உறங்கும்போது அவர்களுக்கு வேலை. நடுச்சிறுவனான சத்திவேலின் தந்தை தொழுநோயாளி.

இந்தத் தந்தையின் உருவம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்வதாகவே மக்கள் நெடுங்காலம் நம்பினர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், நரம்பு மரத்துப்போவதால் வலி தெரியாமல், சூடும் காயமும் உணராமல், அந்நோயாளிகள் தம் கைகால்களைச் சேதப்படுத்திக்கொள்கின்றனர் என்பதைத் தம் ஆய்வுகளால் நிறுவினார். வலி ஒரு காவற்காரன் என்னும் பேருண்மை தமிழக மண்ணில் செய்யப்பட்ட பணியால் உலகுக்கு விளங்கிற்று.

ஆனால் இவ்வுண்மையை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதும் உண்டு. வலி இறைவன் தந்த கொடை என்று மேடைகளில் பேசப்படுகிறது. புதிதாய்த் தோன்றி எச்சரிக்கும் வலிக்கு அச்சொல் பொருந்தும். காயம் ஆறியபின்னும் ஓயாமல் ஒலிக்கும் மணி எச்சரிக்கை ஆகாது. அதனைக் கேட்டுக்கொண்டே வாழ்பவரிடம் கொடை என்று கூறுவது கொடுமை. எச்சரிக்கும் வலி, எச்சரித்து முடிந்தபின்னும் நீங்காத வலி என்னும் இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆறுதல் ஆறுதலாகாது.

கூளையனின் நாள்

மூன்று நாவல்களுள் களைப்பைப் பற்றி நமக்கு அதிகம் கற்பிப்பது ‘கூளமாதாரி’. அருந்ததியர் குலத்துச் சிறுவன் கூளையன், கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்கு விடப்பட்டிருக்கிறான். கூலியைப் பெறுபவர் தந்தை, உழைப்பவன் பிள்ளை. விடியுமுன் எழுதல், கட்டுத்தறி வேலை, ஊற்றுகிற கஞ்சி, பகல் முழுதும் ஆடு மேய்த்தல், இரவில் பட்டிக் காவல் என்று நாள் சுழல்கிறது. உறக்கங்கூட அவனுக்கு வேலையின் ஒரு பகுதியே.

அவன் தோழர்களின் பெயர்களைப் பாருங்கள்: நெடும்பன், வவுறி, செவிடி. கூளையன் என்பதும் குள்ளன் என்னும் பொருளதே. வயிறு, உயரம், காது ஆகிய உடற்குறிகளே பெயர்களாகிவிட்டன. வேலை வாங்குவோரின் கண்ணுக்கு இப்பிள்ளைகள் உடல்களாக மட்டுமே தெரிகின்றனர் என்பதை ஆசிரியர் விளக்கவுரை எதுவுமின்றிப் பெயர்களாலேயே உணர்த்திவிடுகிறார்.

இதனினும் சிறந்தது அவர் காலத்தைக் கையாளும் முறை. நாவலில் பெரும் நிகழ்ச்சிகள் அடுக்கப்படவில்லை. ஒரு நாள் போல மறுநாள் வருகிறது. மேய்ச்சல், வெயில், பனைமரம், கிணறு, பசி என்பன மீண்டும் மீண்டும் வருகின்றன. சலிப்பூட்டுகிறது என்று சிலர் குறை கூறக்கூடும். நமக்கோ அந்தச் சலிப்பே நாவலின் உண்மையாகப்படுகிறது. தீராத களைப்பை வேறெந்த வடிவத்திலும் நேர்மையாகச் சொல்ல இயலாது. தேங்காய் திருடியதற்காகக் கிணற்றில் தொங்கவிடப்படும் தண்டனையைப் படித்து வாசகர் திடுக்கிடுகிறார். அது நிகழ்ச்சி, ஆகவே நினைவில் நிற்கிறது. ஆனால் அத்தண்டனைக்கு முன்னும் பின்னும் உள்ள நூற்றுக்கணக்கான சாதாரண நாள்களே அச்சிறுவனை அதிகம் தேய்க்கின்றன. நாவல் அவற்றுக்கே அதிகப் பக்கங்களை ஒதுக்கியிருப்பது அதன் அறத்தெளிவு.

பிள்ளைகள் சமாளிக்கும் வழிகளும் காட்டப்படுகின்றன. மேய்ச்சல் காட்டில் ஒருவர் ஆட்டை மற்றவர் பார்த்துக்கொள்ள, ஒருவர் சற்றே ஓய்கிறார். விளையாட்டு உண்டு, நீச்சல் உண்டு, பங்கிட்டுத் தின்பது உண்டு. களைப்பை ஆற்றுவது தனிமனித மனவுறுதி அன்று, தோழமையே என்பது இதனால் விளங்குகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன் என நான்காகப் பகுத்தது. நான்காமவனை நம் காலம் மறந்துவருகிறது. கூளையனின் கூட்டாளிகள் மறக்கவில்லை.

இங்கு ஒரு குறையையும் நாம் சுட்டவேண்டும். அவ்விளையாட்டுப் பகுதிகள் மிக அழகாக அமைந்துவிட்டதால், நிலவுடைமைக் குடும்பத்திலிருந்து வரும் வாசகர் தம் இளமைக்கால நினைவுகளில் தோய்ந்து, அடிமை வாழ்விலும் ஓர் இனிமை இருந்தது என்று எண்ணி அமைதிகொள்ளக்கூடும். திருடிப் பெற்ற ஓய்வை விடுதலை என்று கருதலாகாது. எசமானின் குரல் கேட்டவுடன் கலைந்துவிடும் இன்பத்தை ஓய்வு என்று அழைக்கும் உரிமை நமக்கில்லை. தன் நேரத்தை ஆளாதவன் தன் வலியையும் ஆள இயலாது என்பதே இந்நாவலிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஆலையும் மாத்திரையும்

மேய்ச்சல் காட்டிலிருந்து ஆலைக்கு வருவோம். கோவையில் 1888ஆம் ஆண்டு முதல் நூற்பாலை தோன்றிற்று. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பஞ்சுத் தூசியால் வரும் ‘பிசினோசிஸ்’ என்னும் நுரையீரல் நோயை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்நோயின் இயல்பு வியப்புக்குரியது. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கமும் மூச்சுமுட்டலும் மிகும்; அடுத்த நாள்களில் தணியும்; ஆண்டுகள் செல்லச் செல்ல எல்லா நாள்களிலும் நிலைத்துவிடும். மேலைநாட்டு ஆலைகளில் இதனைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். ஒரு நாள் ஓய்ந்த நுரையீரல், தான் பழகிப்போயிருந்த துன்பத்தை மறுநாள் அடையாளம் கண்டுகொள்கிறது.

தொழிலாளர் போராட்டங்களின் பயனாகச் சில காப்புகள் வந்தன. அதே 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேர எல்லையையும் வார விடுமுறையையும் வகுத்தது. தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டம் தமிழகத்தில் முதன்முதலாகக் கோவையில்தான் 1955இல் தொடங்கப்பெற்றது. நோய்க்கால உதவி என்பது பெரும் பேறு. ஆயினும் அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். காணக்கூடிய நோய்க்குச் சான்று எளிது, காணவியலாத வலிக்கும் களைப்புக்கும் அரிது.

பின்னாளில் கொங்கு வட்டார ஆலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரில் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர். ஆலை வளாகத்து விடுதியில் தங்கி மூன்றாண்டுகள் உழைத்தால் மொத்தமாக ஒரு தொகை. அது திருமணச் செலவுக்கு. 2011இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை இத்திட்டத்தின் கொடுமைகளை உலகறியச் செய்தது. கூளையனின் ஆண்டுக்கூலிக்கும் இதற்கும் உள்ள உறவைச் சொல்லவும் வேண்டுமோ? இடையில் நின்றுவிட்டால் தொகை கைக்கு வாராது என்னும் அச்சம், நோவை மறைத்து வேலைக்குச் செல்லும்படி அப்பெண்களை நெருக்கிற்று.

2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழக ஆடைத் தொழிற்கூடங்களில் பணிபுரியும் ஏறக்குறைய 100 பெண்களை நேர்கண்டு எழுதினர். மாதவிடாய் வலி வரும்போது பெயரும் காலாவதி நாளும் அச்சிடப்படாத மாத்திரைகள் தங்களுக்குத் தரப்பட்டதாக அப்பெண்கள் கூறினர். கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் உடல்நலம் கெட்டதாகத் தெரிவித்தனர். வலி தணிக்கும் மாத்திரை தன்னளவில் தீயது அன்று. பல இல்லங்களில் அது அருமருந்து. இங்கு அது யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதே வினா. வலி நின்றது அப்பெண் ஓய்வதற்காக அன்று, இயந்திரம் ஓயாதிருப்பதற்காக. தொழுநோய் இயற்கையில் செய்ததை இங்கு மாத்திரை செயற்கையில் செய்தது. காவற்காரனை மரத்துப்போகச் செய்தபின், கையும் காலும் தம் சேதத்தை அறியாமல் வேலை செய்யும்.

இத்தகைய அறிக்கைகள் எண்ணிக்கையைத் தருகின்றன. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எண்ணிக்கை வேண்டும். ஆனால் அவற்றில் நாம் காணும் பெண் வலியுறும் கணத்தில் மட்டுமே தோன்றுகிறாள். அவள் நாள் முழுமையும் நமக்குத் தெரிவதில்லை. கூளையனுக்குக் கிடைத்த நாவலாசிரியரைப் போல, விடுதியின் மூன்றாண்டுகளையும் சலிப்புக் குறையாமல் எழுதுவார் அப்பெண்களுக்கும் வேண்டும்.

நம் ஆறுதல் மொழி

இனி நம் திருச்சபையின் பக்கம் திரும்புவோம். நோயைப் பற்றிய நம் சாட்சிகளுக்குப் பெரும்பாலும் இரண்டே வடிவங்கள். முதலாவது, நோய் வந்தது, செபித்தோம், நீங்கிற்று என்பது. இரண்டாவது, பொறுத்தார், விசுவாசத்தில் உறங்கினார் என்பது. நீங்கவும் இல்லை, உறங்கவும் இல்லை, பத்தாண்டுகளாக முழங்கால் வலியோடு ஞாயிறுதோறும் வந்து கடைசி வரிசையில் அமர்கிற சகோதரிக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. அவர் சாட்சி சொல்ல எழுவதே இல்லை.

திருமறை இவ்வளவு வறுமையுடையது அன்று. சூரைச்செடியின் கீழ்ச் சாகும்படி வேண்டிக்கொண்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது கடிந்துரையும் அன்று, போதனையும் அன்று. உறக்கமும் அடையும் தண்ணீரும் கிடைத்தன, மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. பயணம் அவன் வலிமைக்கு மிஞ்சியது என்று தேவதூதன் ஒப்புக்கொண்டான். ஓரேபில் கேட்ட மெல்லிய குரல் இவற்றுக்கெல்லாம் பிந்தியதே. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறவாது உடனமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர்.

பவுலடியாரின் முள்ளைப் பற்றி நாம் அடிக்கடிப் பிரசங்கிக்கிறோம். மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அருளே போதுமென்னும் விடையை அவர் ஏற்றார். அந்த ஏற்பு நோவுற்றவர் தம் வாயால் தம்மைப்பற்றிச் சொன்னது என்பதை மறத்தலாகாது. அதையே பண்ணையக்காரர் ஆளைப் பார்த்தும், மேற்பார்வையாளர் ஆலைப்பெண்ணைப் பார்த்தும், நலமுள்ள போதகர் நலமற்ற விசுவாசியைப் பார்த்தும் கூறினால் அது சாட்சி ஆகாது. சுமை மேல் சுமையாகும்.

ஓய்வுநாள் கட்டளையே நம் பொருளுக்கு நேரான விடை. உபாகம நூல் அக்கட்டளையை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் விரிக்கிறது. எகிப்தில் அடிமைகளாயிருந்த நினைவையே காரணமாகக் காட்டுகிறது. ஓய்வு களைத்து விழுந்தவருக்கு இரங்கிக் கொடுக்கும் பிச்சை அன்று. களைக்குமுன்பே, வாரத்தின் கட்டமைப்பிலேயே, எல்லார்க்கும் ஒப்ப வகுத்து வைக்கப்பட்ட உரிமை அது. இன்றைய மருத்துவர் தனியாளுக்குக் கூறும் முறைப்படுத்தலை அக்கட்டளை சமுதாயத்திற்கே விதித்தது. இவ்வுரிமை எவ்வளவு எளிதில் கைநழுவக்கூடும் என்பதற்கு அண்மைக் காலமே சான்று. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்புக்குப் பின், மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஆகவே நோவுற்றோரைச் சந்திக்கச் செல்லும் போதகர்களும் இறையியல் மாணவர்களும் கேட்கும் கேள்வி மாறவேண்டும். ‘இப்போது தேவலையா?’ என்னும் கேள்விக்கு நாட்பட்ட நோவுடையவரிடம் விடை இல்லை. ‘நீங்கள் எப்போது ஓய்கிறீர்கள்? அதைத் தீர்மானிப்பவர் யார்?’ என்று கேட்போமானால் வீட்டின் நிலையும் ஆலையின் நிலையும் வெளிப்படும். அப்போது செபம் எங்குத் தொடங்கவேண்டும் என்பதும், வழக்கு எங்குத் தொடுக்கவேண்டும் என்பதும் தெளிவாகும். வெளியே கேட்குமுன் நம் வீட்டுக்குள்ளும் கேட்போமாக. நம் பள்ளி விடுதிகளில் சமைப்போர், மருத்துவமனைகளில் தளம் துடைப்போர், விடியுமுன் மணியடித்து இரவில் கதவடைக்கும் கோயில்பிள்ளைகள் ஆகியோரின் ஓய்வுநாள் எது? நாம் ஓய்ந்து ஆராதிக்கும் நாளில் அவர்களே அதிகம் உழைக்கின்றனர் என்றால், மாற்றுநாள் ஒன்றை எழுத்தில் வகுத்து, கூலி குறையாமல் அளிப்பதே அக்கட்டளைக்கு நாம் எழுதக்கூடிய முதல் விளக்கவுரையாகும்.